முப்பத்தேழு மைல்

மூன்று வருஷம்
என் வண்டியின் முகப்பில் ஒரு வட்ட ஓட்டை.
பைசாந்துவில் எல்லோரும் அதில் விரலை விட்டுப் பார்த்தாகிவிட்டது.
என் நாத்தனார் மாத்தேக் குடுவையை வைத்துப் பார்த்தாள்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
"இதுவே போதும் நில்டா" என்றாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து விட்கோம்ப்.
இரண்டே இருக்கை, நாய்க்குட்டி நுழையாத டிக்கி.
நாற்பத்தொரு வண்டி செய்ததும் கடையைச் சாத்திய கம்பெனி.
அதன் வேகமானி வேறெதற்கும் சேராது:
பூஜ்யம் வலப்பக்கம் கீழே,
முள் கடிகாரத்துக்கு எதிராக ஏறும்,
பின்புறம் விட்வொர்த் மரை.

ரொசாரியோவிலிருந்து ஒருவர்
"சத்தியமாக இதுதான்" என்று அனுப்பினார்.
பிரித்தால் படகுடையது.
தைவானில் செய்த நகல் வந்தது. அழகுதான்,
ஏழுகளுக்கெல்லாம் தொப்பை.
இன்னொன்றில் எல்லாமே பொருந்தி
மரை மட்டும் ஒரு சுற்று ஏறி
இரண்டாம் சுற்றில் கடித்தது.
ஒலேகாரியோ கையைத் துடைத்துக்கொண்டு
"தட்டினால் போகும், தட்டட்டுமா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
மரை கழண்டவள் என்று ஊரில் பேச்சு.
கழண்டிருந்தால்கூடப் பரவாயில்லை,
என்னுடையது அங்குல மரை,
கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர்.

பிறகு கிட்டர்மின்ஸ்டரில் ஒரு பட்டறையைக் காலி செய்தார்கள்.
பிஸ்கட் டப்பாவுக்குள், செய்தித்தாள் சுற்றி, ஒன்று.
நான் நூறு என்றேன். யாரோ நூற்றிருபது.
இருநூறு. இருநூற்றுப் பத்து.
அறுநூறைத் தாண்டியதும்
விற்கிற பெண்மணிக்கே பொறுக்கவில்லை.
இருவருக்கும் ஒரே கடிதம் போட்டார்:
அந்தப் பக்கம் கோட்லாந்து தீவில் ஸ்வாந்தே ஹெல்க்விஸ்ட்,
இந்தப் பக்கம் நில்டா இரிபார்னே.
ஒருவருக்குக் கோடை என்றால் மற்றவருக்குப் பனி.
முன்னூறு கொடுங்கள், ஆளுக்குப் பாதி.
மீதியை நீங்களே பேசித் தீருங்கள்,
எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது.

ஒன்பது வருஷமாக அப்படித்தான்.
அக்டோபரில் எனக்கு வரும், ஏப்ரலில் அவருக்குப் போகும்.
ஏற்றுமதியா, பழுதுபார்க்கவா, பரிசா என்று
சுங்கத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.
அந்தப் படிவத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லை.
அவரை நான் பார்த்ததில்லை.
அவர் வண்டி பச்சை என்று மட்டும் தெரியும்.

ஆனால் வேகமானியில் ஒரு சின்ன ஜன்னல்,
அதற்குள் ஐந்து எண்கள், ஓடிய தூரம்.
யாருடைய மைல் என்று அது பார்ப்பதில்லை,
கூட்டிக்கொண்டே போகிறது.
மொந்தேவிதேயோ கண்காட்சியில் நடுவர் கேட்டார்,
இந்த வண்டி உண்மையில் ஓடியது எவ்வளவு?
தெரியாது என்றேன்.
மூன்று மதிப்பெண் போயிற்று.

எனக்குத் தெரிந்தது கழித்தல் மட்டும்.
அனுப்பியபோது இருந்தது, வந்தபோது இருப்பது.
ஒரு கோடையில் அவர் ஆயிரத்து நூறு.
மகள் கல்யாணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
அப்புறம் எண்ணூறு. எண்ணூற்று ஐந்து. அறுநூறு.

இந்த அக்டோபரில்
முப்பத்தேழு.

கடிதத்தில் வழக்கம்போல் இரண்டு வரி:
முள் சற்று நடுங்கியது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.
பல்பை மாற்றியதைச் சொல்லவில்லை.
வெள்ளை வெளேரென்று எரிகிறது, இப்போது வரும் வகை.
அந்தக் காலத்துப் பல்பு
பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் பழுப்பாக எரியும்.
ஒன்பது வருஷத்தில்
ஒரு வாஷரைக்கூட மாற்றி அனுப்பாத மனிதர்.
சரியான பல்பு என் மேசை இழுப்பறையில் ஆறு கிடக்கின்றன.

ஒலேகாரியோ கேபிளைப் பூட்டினான்.
மரை விரலுக்கே ஏறியது, கடைசிச் சுற்று வரை.
"பல்பு?" என்றான்.

கோடையில் அந்தத் தீவில்
ராத்திரி சரியாக இருட்டுவதுகூட இல்லை,
ஒருமுறை எழுதியிருந்தார்.

இருக்கட்டும் என்றேன்.
சாப்பிட்ட பிறகு, விளக்கைப் போட்டுக்கொண்டு,
ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன்.
ஒவ்வொரு எண்ணும் கண்ணைக் குத்தியது.
கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.