ஏழாம் கட்டம்

செவ்வாய் மதியம். கிரிம்ஸ்பி நூலகத்தில்
ஹீட்டர் பக்கத்து மேசைக்குத்தான் எப்போதும் போட்டி.
ஜிவிலே மீன் ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள்,
விரல் நுனிகளில் இன்னும் ஐஸின் சிவப்பு.

மின்சாரக் கம்பெனியின் படிவம். ஏழாம் கட்டம்:
உங்கள் நிலையை விளக்குக.
அவளுடைய லிதுவேனிய அகராதி
ஒரு சொல்லுக்கு ஐந்தை நீட்டியது.
எது என்றாள்.

டிரபிள் வேண்டாம் என்றேன்,
அது போலீஸ் வந்து கதவைத் தட்டும் சொல்.
டிஃபிகல்ட்டி தேர்வு எழுதுகிறவர்களுக்கு.
அட்வர்சிட்டியை மேடைப் பேச்சில் மட்டும்தான்
நானே கேட்டிருக்கிறேன்.
"பிராப்ளம் எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள்:
நவம்பரில் பாய்லர் பார்க்க வந்தவன்
நோ பிராப்ளம் என்று சொல்லிவிட்டுப் போனான்.
போனவன்தான்.

ஹார்ட்ஷிப் என்று எழுது.
அவர்களுக்குப் புரிகிற சொல் அதுதான்,
அதன் பெயரில் தனி நிதியே வைத்திருக்கிறார்கள்.

அவள் அதை இரண்டாக உடைத்துப் பார்த்தாள்.
கடினம். கப்பல்.
ஜன்னல் வழியே துறைமுகப் பக்கம் பார்த்தாள்,
அங்கே சேறும் கடற்காக்கைகளும்.
"இதில் எத்தனை பேர் ஏறலாம்?"

நான் பிறந்ததே இந்த மொழிக்குள்.
பதில் தெரியவில்லை.

எழுத்தெழுத்தாக எழுதி முடித்து
பேனாவைத் திருப்பித் தந்தபோது கேட்டாள்:
"நீ என்ன எழுதுவாய்?"

என் பைக்குள் அதே நீல உறை.
அதே படிவம், மூன்று வாரமாக,
ஆறாம் கட்டம் வரை நிரப்பியது.