வெள்ளிக்கிழமைப் பெரட்டு

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு,
பாடாங் செராய் எண்ணெய் ஆலையின் பின்கட்டில்
நான் பெரட்டு எடுக்கிறேன்.
வட்டத் தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
ஊதா. ஊதா. ஊதா.
ஊதா என்றால் வேலைக்கு வந்தாயிற்று.

செம்பனைக் கழிவின் கொழுப்பைத் தின்ன
எழுதிச் செய்த நுண்ணுயிர் இது.
எழுதியது பினாங்கில்.
நான் பிழை பார்க்கிறவள்.
ஒரு நாளைக்கு இருபது தலைமுறை,
ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்து எழுதுகிறது,
எங்காவது கை தவறுகிறது.

தவறினால் பயமில்லை.
தவறியது செழித்தால்தான் பயம்.
நொதி சமைக்கவே உடம்பில் பாதிப் பலம் போகும்.
அந்தச் சுமையை ஒன்று இறக்கி வைத்துவிட்டால்
மற்றவற்றைவிடப் பத்து நிமிடம் முன்னால்
அது இரண்டாகும்.
பத்து நிமிடம் போதும்.
மாதம் திரும்புவதற்குள் தொட்டி முழுக்க அதன் பிள்ளைகள்,
மேலே கொழுப்பு அப்படியே மிதக்கும்.

அதற்காகத்தான் கட்டுகள்.
நொதியின் வரியை
உயிர் வாழ வேண்டிய இன்னொரு வரியின் மேலேயே எழுதினார்கள்,
ஒன்றை அடித்தால் மற்றதும் அடிபடும்படி.
வேலிக்கு வெளியே எங்கும் கிடைக்காத ஒரு சத்தை
அதற்குக் கட்டாயமாக்கினார்கள்.
தினமும் நான் அளந்து ஊற்றுகிறேன்.

ஹஸ்லினா இதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியபோது
சிரித்துவிட்டேன்.
ஏன் என்றாள்.
தோட்டத்துக் கடை, என்றேன்.
சம்பளத்தில் பிடித்துக்கொண்ட அரிசி.
கேட்டுக்கு வெளியே செல்லாத சீட்டு.
அவளுக்குப் புரியவில்லை.
நுண்ணுயிருக்கும் புரியாது; அதற்குக் கடன் ஏது?
உவமை என்னுடைய நோய்.

இன்றைக்கு ஒன்று வெள்ளை.

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மற்றவற்றைவிடப் பருமன். ஓரம் வழவழவென்று.
நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

மேலாளர் ரிட்சுவான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி
முந்நூற்றில் ஒன்றுதானே, என்றார்.
செவ்வாய்க்கிழமை சுற்றுச்சூழல் இலாகா வருகிறது,
தொட்டி ஓடட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.

நான் பேசவில்லை. சன்னலைத் திறந்தேன்.
வெளியே அந்தப் பதினாறு மரங்கள்:
குழாயில் வளர்த்த செம்பனை, ஒரே தாயின் நகல்கள்,
அவர் கையெழுத்தில் நட்டவை.
கன்றில் ஒரு குறையும் தெரியவில்லை.
காய்க்கும்போதுதான் தெரிந்தது,
பழத்தைச் சுற்றி இன்னொரு சதை மூடி
எண்ணெயில்லாமல் வெடித்தது.

அவர் பொட்டலத்தை மடித்தார்.
சரி, ஊற்று, என்றார்.

பதினொன்றுக்குக் குளோரின்.
இருபதாயிரம் லிட்டர் ஊதா
பழைய சட்டை நிறத்துக்கு வெளுத்தது.
மைனஸ் எண்பதில் கிடக்கும் முதல் நாளை எடுத்து
உள்ளங்கையில் உருக்கினேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.

வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்;
இரண்டு பூட்டையும் எப்படித் திறந்தது என்று
பினாங்கில் வாசிப்பார்கள்.
குப்பியில் அடைத்துத் தேதி ஒட்டினேன்.
படிவத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம்.
'செயலிழந்தது' என்று எழுதுவதுதான் வழக்கம்.

எழுதினேன்.
கையுறைக்குள், குப்பியின் கழுத்து வரை
அது வளர்ந்துகொண்டிருந்தது.