பதினேழாவது தோல்விக்குப் பின் படிக்க

கோச் யாப்,
கூடைப்பந்தைப் பற்றி
இந்த பாகாவ் பட்டணத்தில் என்ன படிக்கலாம் என்று கேட்டீர்கள்.
நான் குழுவுக்குக் கணக்கெழுதுகிறவள்.
சாமான் அறைச் சாவியும் என்னிடம்தான்.
கேட்டது தப்பான ஆளிடமில்லை.

முதலில் ஸ்கோர் புத்தகம்.
நீல அட்டை, ஓரத்தில் மைலோ கொட்டிய கறை.
நான்காம் குவார்ட்டரை மட்டும் படியுங்கள்.
மற்ற மூன்றிலும் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை.
நான்காவதில் என் பேனா
எதிராளியின் கட்டங்களிலேயே
குடியிருக்கும்.

பழைய மேனேஜர் விட்டுப்போன தடித்த மூன்றும் வேண்டாம்.
விமான நிலையத்தில் வாங்கியவை.
அட்டைக்கு அட்டை கைகட்டி நிற்கும் ஒரு கோட்டு.
'வெற்றி' எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன்,
நாற்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனேன்.
மூன்றையும் அடுக்கி ஏறினால்
ஸ்கோர் பலகையின் பியூஸ் எனக்கு எட்டுகிறது.

சீனப்பள்ளி நூலகத்தில் ஒன்று உண்டு. மாண்டரின்.
எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.
படங்களில் ஆளே இல்லை, சப்பாத்துத் தடங்கள்தான்.
செங் ஹுவாட் வாசிப்பான், ஜுகா நடந்து பார்ப்பான்.
சிபுவிலிருந்து வந்து மூன்று மாதம்,
அந்தப் பையன் இங்கே அதிகம் பேசியது
அந்தத் தடங்களோடுதான்.

ஆனால் இந்தக் கவரில் இருப்பது வேறு.
செம்பனை மறுநடவுக் கையேடு. மெல்லியது.
வீட்டுக்காரர் தோட்டத்தில் கண்டக்டர்,
அவர் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து
சொல்லாமல் எடுத்தேன்.

பக்கம் ஆறு:
இருபத்தைந்து வயது மரம் காய்க்காமலில்லை.
காய்க்கிறது.
அரிவாள் எட்டவில்லை, அவ்வளவுதான்.

நம் கேப்டன் வேலவேந்தன்
ஆட்டத்துக்கு இருபது புள்ளி போடுகிறார்.
அவர் திரும்பி ஓடி வருவதற்குள்
அவர்கள் இருபத்தாறு.

பக்கம் பதினொன்று:
வெட்டிய தண்டை எரிக்காதே, வெளியே ஏற்றாதே.
சீவி அங்கேயே பரப்பு, புதுக் கன்றுக்கு உரம்.
சீவாமல் கிடத்தினால்
காண்டாமிருக வண்டு முட்டையிட்டு
கன்றின் குருத்தைத் தின்னும்.
இதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

பக்கம் பதினாலில்
முப்பது மாதம் மகசூல் இல்லை.
அதுவரை சம்பளம் யார் போடுவது என்று
தேடித் தேடிப் பார்த்தேன், அச்சடிக்கவில்லை.
தௌக்கே கான், இரும்புக்கடைக் கணக்கைப் பார்த்தபடி
சீனப்புத்தாண்டு வரை என்கிறார்.
அது பதினொரு வாரம்.

குவாந்தானில் தோற்றுத் திரும்பிய இரவு
வேனில் கையேட்டை என் பையோடு மறந்துவிட்டேன்.
காலையில் பை இருந்தது, ஜிப் திறந்திருந்தது.
பக்கம் ஆறில் ஒரு கோடும் இல்லை.
பதினொன்றிலும் இல்லை.
பக்கம் ஒன்பதில், முக்கோண நடவு,
மரத்துக்கு மரம் இருபத்தொன்பது அடி,
அங்கே பென்சிலில் வேலவேந்தன் கையெழுத்து:
"நெருக்கி நிற்கிறோம்.
பையன்கள் என் நிழலில்."

நேற்று மழை விட்டதும் மண்டபத்துக்குப் போனேன்.
வீட்டுக்காரரின் நடவுக் கயிறு
அவர் கையில் எப்படி வந்ததோ.
ஒரு முனையை ஜுகாவிடம் கொடுத்து
பின்னாலேயே போனார், முட்டியில் ஐஸ் பை கட்டியபடி.
இரண்டு புள்ளி கோர்ட்டுக்குள் விழுந்தது.
மூன்றாவது சுவரைத் தாண்டி
நாசி லெமாக் கடை அடுப்பருகே.
எல்லாரும் சிரித்தார்கள்.
இந்த சீசனில் அந்த மண்டபத்தில்
அதுதான் முதல் தடவை, நான் குறித்துக்கொள்ளவில்லை.
பிறகு கயிற்றைப் பாதியாய் மடித்து
மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள்.

அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்வதா,
அது உங்கள் வேலை, கோச்.
சொல்வதற்கு முன் பதினொன்றை
இரண்டு தடவை படியுங்கள்.
பென்சிலை அழிக்க வேண்டாம்.
திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு முன்
வீட்டுக்காரர் கையேட்டைத் தேடுவார்.