இடப்பக்கம்

காலையில் எடை பார்த்தார்கள்,
மயக்க மருந்துக்குக் கணக்கு வேண்டுமாம்.
பதினேழு வருஷமாக வீரவநல்லூர் ரேஷன் கடையில்
ஊருக்கே நிறுத்துப் போட்டவள் நான்.
ஏறும் முன் கேட்டேன்:
"சைபர் காட்டுதான்னு பாத்தீங்களா சிஸ்டர்?"
ஜெயசீலி சிஸ்டர் சிரித்தாள், "நீங்களே படிங்க."
குனிந்து படித்தேன்.
எட்டு கிலோ நானூறு.
அவள் சிரிப்பு நின்றது.
"அம்பத்தெட்டும்மா."

ஐந்து
எனக்கு இடப்பக்கம் இருந்திருக்கிறது.

சித்திரையிலிருந்தே அப்படித்தான்.
தட்டில் இடது பாதி இட்லி அப்படியே கிடக்கும்,
பசி அடங்கலியே என்று எழுந்து போவேன்.
வரிசையில் ஓரமாக நின்று உச்சிமாகாளி கத்தினான்:
"ஏ மைனி, நான் நிக்கேம்லா,
ஆளு கண்ணுக்குத் தெரியலியா?"
தெரியலை என்பதே
எனக்குத் தெரியலை.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ சீனி போட்டுவிட்டுப்
பதிவேட்டில் பன்னிரண்டு என்று ஏற்றினேன்.
மிச்சம் நூறு கிலோவை
எந்தக் கடைக்கு வித்தே என்று தெருவே கேட்டது.
ஆபீசில் மெமோ கொடுத்தார்கள்,
பதினைந்து நாளில் விளக்கம்.
பதினைந்தாவது நாள்
நாளைக்கு.

மத்தியானம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார்.
எலுமிச்சம்பழம் அளவு, என்றார்.
"எடை என்ன இருக்கும் சார்?"
யாரும் அதுவரை கேட்டதில்லை போல,
யோசித்தார். "நாப்பது கிராம்?"
நாற்பது கிராம்.
சாக்கின் தையலில் சிந்திப் போவது.
எறும்புக்கென்று எழுதுகிற கணக்கு.

மூன்று மணிக்குப் பூலுடையார் பெட்டியோடு வந்தார்.
"நான் எந்தக் கோயிலுக்கும் நேந்துக்கலியே அண்ணாச்சி."
"சந்தனம் கெடையாது, அம்புட்டுதான் தாயி.
தலையச் சாய்ங்க."
வலது காதுக்கு மேலே கத்தி மெதுவாகப் போனது,
உள்ளே தூங்குவது முழித்துவிடக் கூடாதென்பது போல.
கண்ணாடி கொடுத்தார்.
பாதி மொட்டையில் ஒரு பொம்பளை.
மிச்சப் பாதியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மூக்குத்தி வரவில்லை.
சோப்பு போட்டாயிற்று, தேங்காய் எண்ணெய் விட்டாயிற்று.
கடைசியில் அவர்
பல்லால் அதன் தலையைக் கவ்விக்கொண்டு
உள்ளே விரல் விட்டுத் திருகினார்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் அந்த வார்டே பார்த்துக்கொண்டிருக்க.
தாலி கட்டினபோதுகூட
இத்தனை பக்கத்தில் வராத முகம்.
பீடி வாசம். கோபம் வரவில்லை.

பிரம்மசக்தி, க/பெ சொரிமுத்து என்று ஒரு படிவம்.
போகக்கூடியவை அதில் வரிசையாக இருந்தன:
பேச்சு, பார்வை, இடது கை, இடது கால், ஞாபகம்.
மாதப் பொருள் பட்டியல் மாதிரி.
அவர் கையெழுத்துப் போட்டார்.
"வாசிச்சீங்களா?"
"இல்ல."

ஒன்பது மணிக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.
ஐயா, மேற்படி சீனி திருடப்படவில்லை.
என் கண்ணுக்கு அகப்படவில்லை.
மேலே எழுத ஓடவில்லை.
அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.
"ஏட்டி, பாதித் தாளு சும்மால்லா கெடக்கு."
எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்து,
கடை திறக்குமுன்
நிழலில் ஒதுங்கி நிற்கிற சனம் போல.
வேற தாள் வாங்கிட்டு வரட்டா, என்றார்.
வேண்டாம்.
"இதையே சுடலைமணிகிட்ட குடுத்து விடுங்க,
சேரன்மாதேவி ஆபீசுக்கு.
நீங்க போவாண்டாம்."

பத்து மணி. கடைசி மடக்குத் தண்ணீர்.
விளக்கை அணைத்துவிட்டார்கள்.
"எங்க இருக்கீங்க?"
"இங்கனதான்."
குரல் மட்டும் வந்தது.
நாற்காலியை இழுக்கும் சத்தம்,
வலப்பக்கம் வரப் பார்க்கிறார்.
"நகராதீங்க.
நாளைக்கு நான் முழிக்கும்போதும்
அங்கனயே நில்லுங்க.
தெரியுதான்னு பாக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து:
"தெரியலேன்னா?"

"தெரியலேன்னா
இருமுங்க."