மிதி, விடு

டுலூத்தில் மார்ச். கராஜுக்குள்ளும் மூச்சு புகைகிறது.
ஆறு குளிர்காலத்துச் சாலையுப்பு
ஆக்ஸில் நட்டைக் கடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது.

"மிதி" என்கிறான் ஐவார்.
காலையிலிருந்து பேசிய முதல் சொல்.
பிரேக்கை மிதிக்கிறேன்.

ஸ்பேனருக்கு நீளம் போதாது.
பழைய டிராம்போலின் கால் ஒன்றைச் செருகித்
தொங்குகிறான், எண்பத்தேழு கிலோவும்.
கார் முனகுகிறது.
பிறகு, ஏரிப் பனி பிளக்கிற அதே சத்தம்.

"விடு."
விடுகிறேன்.

பால் ஜாயின்ட் கழன்று, சக்கரக்குடம் சாய்ந்து,
கடப்பாரை நுனியால் ஒரே நெம்பு.
கியர்பாக்ஸிலிருந்து வழுக்கி வந்து
அவன் மார்பில் விழுகிறது ஆக்ஸில், கைக்குழந்தைக் கனம்.
பின்னாலேயே எண்ணெய்.

தட்டு வைக்க மறந்திருக்கிறான்.
திறந்த கதவு வழியே முன்பே பார்த்தேன்.
சொல்லவில்லை.

கிரீஸ் முகத்தோடு நிமிர்ந்து என்னையே பார்க்கிறான்.
யாரும் சொல்லாமலே
என் கால் பிரேக்கைத் தேடுகிறது.