இருபத்து நான்கு

அவன் என்னைத் திட்டியது
லாய் சீ கொக் சாலைச் சிக்னலில்.
நான் அவனைத் திட்டியதும் அங்கேதான்,
ஒரு சொல் கூடுதலாக.
இரண்டு சிவப்பு டாக்சிகள்
கண்ணாடியை இறக்கிவிட்டு எகிற,
என் பின்னிருக்கைச் சவாரி
போனில் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

அவளை இறக்கிவிட்டபோது தொண்டையில் முள்.
வாயோரத்தில் நேற்றே ஒரு புண்.
மூன்று இரவாகத் தூக்கமில்லை.
முந்தாநாள் வறுத்த வாத்து,
அதற்கு முந்தின நாள் ஒரு கூடை லிச்சி,
அக்கா ஷென்ஷெனிலிருந்து சுமந்து வந்தது, விடுவேனா.
எங்கள் ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்:
சூடு.
மைத்துனன் கடன் கேட்டுப் போன் செய்தால் சூடு.
பணம் கட்டிய குதிரை கடைசி வளைவில் மூச்சு வாங்கினால் சூடு.
டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்
அது நிச்சயமாகச் சூடு.

பெய் ஹோ தெரு முனையில்
இரட்டை மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்தினேன்.
மூன்று நிமிடம். ஒரு கிண்ணத்துக்கு அதற்கு மேல் ஆகாது.
கடையில் நாற்காலி கிடையாது.
சுரைக்காய் வடிவில் இரண்டு பித்தளைப் பானைகள்,
வயிற்றில் தெருவே வளைந்து தெரியும்.
கல்லாவில் யுங் சாவ்-ஃபோங்.
யாரையும் எதுவும் கேட்கமாட்டாள்.
உதட்டைப் பார்ப்பாள், அகப்பையை எடுப்பாள்.

குளிர்ச்சித் தேநீர் என்று பெயர்.
தருவது ஆவி பறக்க.
தேயிலை என்று பார்த்தால் ஓர் இலைகூட இல்லை.
இருபத்து நான்கு சுவை என்கிறது பலகை.
எண்ணிப் பார்த்தவன் எவனுமில்லை,
முதல் சுவையிலேயே கணக்கு மறந்துபோகும்.

ஊதி ஊதிப் பாதி இறக்கியபின்தான் கவனித்தேன்,
பக்கத்தில் அவன்.
அதே தாடை மச்சம், அதில் அதே மூன்று முடி.
கையில் அதே கறுப்புக் கஷாயம்.
பேசவில்லை.
பேச மூச்சு விட வேண்டும்,
மூச்சு விட்டால் கசப்பு மூக்குக்கு ஏறும்.
ஒரே மடக்காகக் கவிழ்த்தான்.
இடது கண் மூடி, வாய் வலப்பக்கம் இழுத்து
முகம் துணி பிழிந்த மாதிரி ஆனது.
பானையின் வயிற்றில் பார்த்தால்
என் முகமும் அந்தப் பிழிசலில்தான்.

சாவ்-ஃபோங் ஒரே தட்டில்
இரண்டு உப்புப் பிளம் தள்ளினாள்.
பெரியதை அவன் எடுத்தான்.
போகட்டும் என்று இருந்தது.
உடனே, ஏன் போகட்டும் என்றும் இருந்தது.
பத்து டாலர் கிண்ணத்துக்கு
அவ்வளவுதான் இறங்கும்.

அவன் வெளியே போனான்.
ஏசி சொட்டும் நடைபாதை, மழைக்கு முந்தைய புழுக்கம்.
அடியில் தங்கிய மண்டியைக் குடிப்பதா விடுவதா என்று
நான் நின்றுகொண்டிருக்க,
தெருவிலிருந்து ஒரு கத்தல்.
சிக்னலில் என்னை அழைத்த அதே சொல்,
என் அம்மாவை நடுவில் இழுத்து,
எழுத்துப் பிசகாமல்.
விரல் மட்டும் வேறு பக்கம் நீண்டிருந்தது.
என் வண்டியை நோக்கி வார்டன் ஒருவர்
சீட்டுக் கட்டைப் புரட்டியபடி,
அவசரமே இல்லாமல்.

ஓடினேன்.
மண்டி கிண்ணத்தில், சில்லறை கல்லாவில்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்
துறைமுகச் சுரங்கத்துக்குள் வந்து சேர்ந்தது,
வழக்கம்போல் ஒரு சொல் கூடுதலாக.
பிளம் கொட்டையோடு
அதையும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
மறுகரை வரை ஓட்டினேன்.