நான்கு ஜிபிக்குள்

ஜெலுத்தோங், ஞாயிறு, மத்தியானம் இரண்டரை.
டயர் கடைக்கு மேல்மாடியில்
ஒரு மின்விசிறி, மூன்று பேர்,
ஏதோ ஒரு வங்கி கழித்துவிட்ட பதினெட்டு மடிக்கணினிகள்.
பென்டிரைவ் நான்கு ஜிபி.
பெரிதாக வாங்கக் கையில் வெள்ளி இல்லை,
ஆகவே அதுவே சட்டம்.

உலாவி ஒன்று போதும் என்கிறாள் குணவதி.
இரண்டு இருந்தால்
இதில் எது இன்டர்நெட் என்று கேட்பார்களாம்.
நியாயம்.
கடிதம் எழுத ஒன்று: பெரியது, சோம்பேறி,
ஆனால் ஈபிஎஃப் பாரத்தைக் கட்டம் குலையாமல் திறக்கிறது.
அதன் அகராதிகளை
சியூ லிங் ஒவ்வொன்றாக வெட்டினாள்.
மிஞ்சியது நான்கு மொழி.
ஐஸ்லாந்துக்காரர் யாராவது ஜெலுத்தோங் வந்தால்
நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழ் விசைப்பலகையில்தான் சண்டை.
தமிழ்99 என்றேன்.
'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டியே
வாட்சாப்பில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் போய்
விரலை மாற்று என்பாயா, நீ யார் என்றாள் குணவதி.
கோப்பி ஆறியது.
கடைசியில் இரண்டையும் வைத்தோம்.
சேர்த்து எடை போட்டால் நாற்பது கேபி இல்லை.
அதற்கு ஒன்றரை மணி நேரம்.

பிறகு சீட்டாட்டம்.
எடுத்துவிடு, படிக்கத் தருகிற கணினி என்றேன்.
குணவதி வாதாடவில்லை.
நேற்றுச் சோதனைக்கு வந்த அப்பாராவைப் பற்றிச் சொன்னாள்.
கெலுகோர் ஃப்ளாட்டில் இரவுக் காவல்.
மௌஸ் மேசை விளிம்பை எட்டியதும் நிறுத்தி,
"மேசை முடிஞ்சிருச்சே, இனி எங்க போறது?" என்றவர்.
நாற்பது நிமிடம் சீட்டு மட்டும்.
சிவப்புப் பத்தின்மேல் கறுப்பு ஒன்பது,
பிடித்து, இழுத்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து.
அப்புறம் யாரும் சொல்லாமலே
மகள் அனுப்பிய படத்தை அதே மாதிரி இழுத்துப்போய்
ஒரு கோப்புறையில் போட்டாராம்.

சீட்டாட்டம் இருக்கிறது.

இன்னும் பதினோரு எம்பி குறைய வேண்டும்.
பட்டியலில் யாரும் தொடாமல் விட்டிருந்தது
என் எடிட்டர்.
பதினான்கு வருஷம்;
என் விரல்களுக்கு அதில்தான் கண் தெரியும்.
நேற்று அதையும் அப்பாராவ் தவறித் திறந்திருக்கிறார்.
வெளியே வர வழி தெரியாமல்
பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி,
"நான் எதையாச்சும் கெடுத்திட்டேனாம்மா?"

சியூ லிங் திரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிட்டது.
நானே அழித்தேன்.

கறுப்புத் திரையை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்,
கருவிகளுக்குள், கீழிருந்து இரண்டாவதாக.
அங்கே போய் ஒரு வரி தட்டினால்
என் எடிட்டர் திரும்பி வரும்.
யாரும் தட்டப்போவதில்லை.
சொல்லவும் முடியாது.

எழுதி முடிந்தபோது
கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்றிருந்தது.
மூன்று எம்பி மிச்சம்.
முகப்பில் ஃபெர்ரி படம் ஒன்று வைக்கலாமே, என்றாள் சியூ லிங்.

பழைய ஃபெர்ரியா, புதுசா, என்றாள் குணவதி.

நான் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.